இலவசக் குடையும் கல்லுப்பும்

விளம்பரம் மக்களை வாங்க வைக்கிறதா என்று எந்த ஊரில் பட்டிமன்றம் வைத்தாலும், தூத்துக்குடிக்காரர்களிடம் ஓர் எடுத்துக்காட்டு கைவசம் இருக்கும். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பலோடு போட்டியிட்ட பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி, கொழும்புப் பயணக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. உடனே வெள்ளைக்காரக் கம்பெனி, காசே வேண்டாம், சும்மா ஏறிக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஒரு குடையும் தருகிறோம் என்றது. வ.உ.சி.யின் வாழ்க்கை வரலாறுகளில் இந்தக் குடை தவறாமல் வரும்.

ஆனால் குடைக்குப் பிறகு கதை இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. மேடைகளில் சொல்லப்படும் கதையில், மக்கள் இலவசத்தை உதறித் தள்ளிவிட்டுச் சுதேசிக் கப்பலில் ஏறுகிறார்கள். கம்பெனியின் வீழ்ச்சியை எழுதுகிறவர்களின் கதையில், சுதேசிக் கப்பல்கள் ஆளில்லாமல் ஓடுகின்றன. முதல் கதையில் விளம்பரம் தோற்றது, இரண்டாவதில் வென்றது. ஒரே குடையை வைத்து இரு கட்சிக்காரர்களும் தங்கள் வாதத்தை முடித்துக்கொள்கிறார்கள்.

எனக்கு இந்த இரண்டு கதையிலும் ஒரே குறை தெரிகிறது. குடையை நீட்டியவரைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். எதிரில் நின்று கை நீட்டியவர் யார்? ஆணா, பெண்ணா? கையில் காசு இருந்தவரா? எந்தக் கப்பலில் ஏறுவது என்று தீர்மானிக்கும் இடத்தில் இருந்தவரா? இதைக் கேட்காமல் விளம்பரத்துக்கு எவ்வளவு வலிமை என்று அளக்கப் புகுவது, முகத்தலளவையால் துணியை அளப்பது போன்றது. எங்கள் கரையில் விற்ற மூன்று சரக்குகளை, முத்து, கப்பல் பயணம், உப்பு ஆகியவற்றை, இந்தக் கேள்வியோடு வரிசையாகப் பார்க்கலாம்.

*

முத்திலிருந்து தொடங்குவதுதான் முறை. கொற்கை முத்தைச் சங்கப் பாடல்கள் புகழ்கின்றன. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ‘பெரிப்ளஸ்’ என்னும் கிரேக்கக் கடல்வழி நூல், கொற்கைப் பகுதியில் முத்துக்குளிக்கும் வேலையில் தண்டனைக் கைதிகள் ஈடுபடுத்தப்பட்டதாகச் சொல்கிறது. புலவர் முத்தின் ஒளியைச் சொன்னார், வணிகர் மூழ்கியவரின் நிலையையும் ஒரு வரியில் சொல்லிப்போனார். சரக்கின் பெருமை ஓரிடத்திலும் உழைத்தவரின் நிலை வேறோரிடத்திலும் பதிவாகும் வழக்கம் அவ்வளவு பழையது.

காலனிய ஆட்சிக் காலத்தில் முத்துக்குளிப்பு அரசின் ஏகபோகம். கடலடிப் பார்களில் சிப்பி முதிர்ந்திருக்கிறதா என்று அதிகாரிகள் சோதிப்பார்கள். மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளை அனுபவம் மிக்க வணிகர்களிடம் மதிப்பிடக் கொடுப்பார்கள். அதன் பிறகுதான் இன்ன தேதியில் இன்ன இடத்தில் முத்துக்குளிப்பு நடக்கும் என்று அறிவிப்பு வெளியாகும். இதுவும் விளம்பரம்தான். அறிவிப்பைக் கண்டு பல ஊர்களிலிருந்தும் வணிகர்கள் வந்து குவிந்தார்கள். வாயே திறக்காத சிப்பியைக் குவியல் குவியலாக ஏலத்தில் எடுத்தார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்குவதைவிடப் பேராசை வேறு உண்டா என்று தோன்றலாம். உண்மையில் அந்த வணிகர்கள் கெட்டிக்காரர்கள். அறிவிப்பு அவர்களைக் கரைக்கு அழைத்து வந்தது, அவ்வளவுதான். என்ன விலைக்குக் கேட்பது என்பதை மாதிரிச் சிப்பியின் மதிப்பும் அன்றைய ஏலத்தின் போக்கும் தீர்மானித்தன. கையில் பணமும், சரக்கைப் பற்றிய அறிவும், வேண்டாமென்றால் எழுந்து போகும் உரிமையும் உள்ளவரிடம் விளம்பரம் ஒரு தகவல். அதற்கு மேல் அதனால் எதுவும் செய்ய முடியாது. பார்களில் சிப்பி இல்லாமல் போன ஆண்டுகளில் எந்த அறிவிப்பாலும் முத்தை விளைவிக்கவும் முடியவில்லை. 1961க்குப் பிறகு தூத்துக்குடிக் கடலில் பழைய முறையிலான முத்துக்குளிப்பு நடக்கவில்லை.

இந்த வணிகத்தில் மூழ்கியவர், மதிப்பிட்டவர், ஏலம் கேட்டவர் எல்லாரும் ஆண்கள். முத்து போய்ச் சேர்ந்த இடம் மட்டும் பெரும்பாலும் பெண்ணின் கழுத்தும் காதும். அணிபவள் வேறு, வாங்குபவன் வேறு என்ற இந்த ஏற்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு கப்பலுக்கு வருவோம்.

*

சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபர் 16 அன்று பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவர், வ.உ.சி. உதவிச் செயலாளர். பங்குகளை வாங்கச் சொல்லி ஊர் ஊராக வேண்டுகோள் போனது. சென்னையிலிருந்து வந்த ‘இந்தியா’வும் ‘சுதேசமித்திர’னும் கம்பெனியை ஆதரித்து எழுதின. தமிழில் இவ்வளவு பெரிய அளவில், வாங்குவதை ஒரு கடமையாக முன்வைத்த பிரசாரம் அதற்கு முன் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பொருளின் தரத்தைச் சொல்வதோடு அது நிற்கவில்லை. வாங்கினால் நீ யார், வாங்காவிட்டால் நீ யார் என்று சொன்னது. இன்றைய விளம்பரத்தின் உயிர்நாடியே இதுதான்.

அந்தப் பிரசாரம் பலித்ததா? ஒரு பங்கு பலித்தது. ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் வணிகர் ஒருவரே 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகளை வாங்கினார். மொத்தப் பங்குகளில் அது ஐந்தில் ஒன்று. நாட்டுப்பற்றோடு வணிகக் கணக்கும் சேர்ந்திருக்கும் என்று நினைப்பது அவருக்கு அவமரியாதை ஆகாது. அந்நியக் கம்பெனியின் கப்பலையே நம்பியிருந்த வணிகர்களுக்குச் சொந்தக் கப்பல் ஒரு தேவை. வேண்டுகோள் அந்தத் தேவைக்குப் பெயரும் பெருமையும் கொடுத்தது. இல்லாத தேவையை அது உண்டாக்கவில்லை. கூலிக்காரக் குடும்பத்தால் 25 ரூபாயை எளிதில் எட்டியிருக்க முடியாது. சொந்தச் சொத்தின்மேல் உரிமையற்றிருந்த பெண்களுக்கு அந்த வேண்டுகோள் போய்ச் சேர்ந்திருந்தாலும், பதில் சொல்லக் கையில் என்ன இருந்தது?

பெண் அந்தப் பிரசாரத்தில் வேறொரு வடிவில் இருந்தாள். 1907இல் கேலியா, லாவோ என்னும் இரண்டு கப்பல்களும் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தபோது பாரதியின் ‘இந்தியா’ கொண்டாடி எழுதியது. பிள்ளையில்லாமல் நெடுங்காலம் தவமிருந்த ஒருத்தி ஒரே நேரத்தில் இரண்டு ஆண் பிள்ளைகளைப் பெற்றால் எப்படி மகிழ்வாளோ, அப்படிப் பாரத மாதா மகிழ்வாள் என்பது அந்த எழுத்தின் கருத்து. பாரதி பெண் விடுதலைக்கு எழுதியவர். ‘சக்கரவர்த்தினி’ என்ற பெண்கள் இதழின் ஆசிரியராக இருந்தவர். அவர் கையிலும் உவமை இந்த வழியில்தான் வந்து நின்றது. இரும்புக் கப்பல் ஆண்குழந்தை, நாடு மலடு நீங்கிய தாய்.

இப்போது இன்னொரு செய்தியைப் பக்கத்தில் வையுங்கள். கப்பல் வாங்க வ.உ.சி. பம்பாய்க்குப் புறப்பட்டார். கப்பலோடு திரும்புவேன், இல்லையேல் கடலில் விழுந்து உயிர் விடுவேன் என்று சூளுரைத்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அவர்களே சொல்லும் மற்றொரு விவரம்: அப்போது மகன் உலகநாதன் நோயுற்றிருந்தான், மனைவி மீனாட்சி அம்மாள் கருவுற்றிருந்தார். வீட்டு நிலையைச் சொல்லித் திரும்பி வரச் சொன்னபோது, ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று வ.உ.சி. இருந்துவிட்டாராம். இதை அவருடைய தியாகத்துக்குச் சான்றாகவே எல்லாரும் எழுதுகிறார்கள். தியாகம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆண்டவன் பார்த்துக்கொண்டிருந்த அந்த வீட்டில் பிள்ளைக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தது மீனாட்சி அம்மாள். பத்திரிகையில் ஓர் உவமைத் தாய் இரட்டைக் கப்பல்களைப் பெற்று மகிழ்கிறாள். தூத்துக்குடியில் ஓர் உண்மைத் தாய் வயிற்றுச் சுமையோடு நோய்ப்படுக்கை அருகில் உட்கார்ந்திருக்கிறார். முதலாமவளைக் கொண்டு பங்கு விற்கலாம். இரண்டாமவர் ஒரு பக்கக் குறிப்பு.

*

கப்பலில் ஏறியவர்களிலும் பெண்கள் இருந்தார்கள். அந்தக் காலத்தில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போனவர்களில் வணிகர்களும் இருந்தார்கள், இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனவர்களும் இருந்தார்கள். தேயிலைக் கொழுந்து கிள்ளப் பெண்கள் வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாகத் திரட்டினார்கள். தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் முகாம் போட்டு அவர்களைச் சோதித்து அனுப்பினார்கள். பயணச் செலவைக் கங்காணி முன்பணமாகக் கொடுத்து அவர்கள் பெயரில் கடனாக எழுதிக்கொண்டார். அந்தப் பெண்ணிடம் போய், சுதேசிக் கப்பலா, அந்நியக் கப்பலா என்று யாரும் கேட்டிருக்க வாய்ப்பில்லை. கட்டணம் ஒரு ரூபாயானாலும் எட்டணாவானாலும் அது அவளுடைய தேர்வாக இருக்கவில்லை. குடை விளம்பரத்தை எழுதியவர்களும் பங்கு வேண்டுகோளை எழுதியவர்களும் அவளைப் பார்த்து எழுதவில்லை.

சரி, விளம்பரம் தொடாத இடத்தில் மக்களின் வாங்கும் பழக்கத்தை எது மாற்றியது? 1908 தொடக்கத்துத் தூத்துக்குடியைப் பாருங்கள். பிப்ரவரி 27 அன்று ஹார்வி சகோதரர்களின் கோரல் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள். ஊரே தொழிலாளர் பக்கம் நின்றது. வெள்ளையருக்குச் சாதகமாகப் பேசிய வழக்கறிஞர் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த தொழிலாளி, அவர் பேச்சைக் கேட்டதும் பாதியிலேயே எழுந்து போய்விட்டார் என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது. சலவைத் தொழிலாளரும் அப்படிப்பட்டவர்களின் துணியைத் தொட மறுத்தார்கள். சில நாட்களில் நிர்வாகம் கூலியை உயர்த்தச் சம்மதித்தது. பக்கத்து வீட்டார் என்ன செய்கிறார், நாளைக்கு நம் வீட்டு நல்லது கெட்டதுக்கு யார் வருவார் என்ற கணக்கு எந்தச் சுவரொட்டியையும்விட ஆழமாக வேலை செய்தது. ஊர்க் கட்டுப்பாடு இரண்டு பக்கமும் கூர் உள்ளது என்பதைப் பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்நியத் துணியை விலக்கிய அதே கட்டுப்பாடுதான் கைம்பெண்ணின் பூவையும் வண்ணச் சேலையையும் விலக்கி வைத்தது. ஒருத்தி எதை வாங்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் ஆற்றல் விளம்பரத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே ஊருக்கும் சாதிக்கும் இருந்தது.

வங்கத்தில் சுதேசி இயக்கம் பெண்ணை நேரடியாகவே அழைத்தது. தூத்துக்குடிக் கம்பெனி பதிவாவதற்குச் சரியாக ஓராண்டு முன்பு, 1905 அக்டோபர் 16 அன்று வங்கம் பிரிக்கப்பட்டது. அன்று அடுப்பு மூட்டாமல் துக்கம் காக்கும்படி வங்கப் பெண்களுக்கு வேண்டுகோள் விடப்பட்டது. அந்நியக் கண்ணாடி வளையலையும் சர்க்கரையையும் லிவர்பூல் உப்பையும் விலக்கச் சொன்னார்கள். நாட்டின் பொருளாதாரப் போரை நடத்தும் இடம் அடுப்பங்கரை என்று கண்டுகொண்டதில் அந்த இயக்கம் கூர்மையானது. வாங்காமல் இருக்கும் அதிகாரத்தைப் பெண்ணிடம் கொடுத்தது. வருவாயின் மேலான அதிகாரத்தைப் பற்றி அது பேசவில்லை.

சுதேசிக் கப்பலின் முடிவு நமக்குத் தெரியும். 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி. கைது செய்யப்பட்டார். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டு, 1912 டிசம்பரில் விடுதலையானார். அதற்கு முன்பே, 1911இல், கம்பெனி கலைக்கப்பட்டது. கேலியா போட்டிக் கம்பெனிக்கே விற்கப்பட்டது. தூத்துக்குடியில் துணை ஆட்சியராக இருந்த ஆஷ், அந்நியக் கம்பெனிக்குச் சாதகமாக நடந்தார் என்பது தேசியவாதிகளின் குற்றச்சாட்டு. கம்பெனியை நடத்தியவரைச் சிறையில் வைத்துவிட்டு, குடை வென்றதா, நாட்டுப்பற்று வென்றதா என்று கேட்பதில் பொருளில்லை. நஷ்டத்தை மாதக்கணக்கில் தாங்கும் பணப்பையும் அதன் பின்னால் நின்ற அரசும் வென்றன. குடை அந்தப் பணப்பையின் வெளியே தெரிந்த நுனி.

*

அப்படியானால் விளம்பரம் வெறும் வீண்செலவா? அப்படியும் சொல்லிவிட முடியாது. அண்மைக் காலத்தில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். இணையத்தில் பொருள் விற்கும் ஈபே நிறுவனம், தேடுபொறிகளில் காசு கொடுத்துப் போட்டுவந்த விளம்பரங்களைச் சில பகுதிகளில் நிறுத்திப் பார்த்தது. 2015இல் வெளியான அந்த ஆய்வின்படி, வழக்கமான வாடிக்கையாளர்கள் விளம்பரம் இல்லாமலும் வந்து வாங்கினார்கள். அந்தக் கடையை அதிகம் அறியாதவர்களிடம்தான் விளம்பரம் வேலை செய்தது. முத்து ஏல வணிகர்களின் கதையும் கிட்டத்தட்ட இதுதான்.

இன்னோர் ஆய்வு தென்னாப்பிரிக்காவில் நடந்தது, 2010இல் வெளியானது. கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்று தன் பழைய வாடிக்கையாளர்கள் 50,000க்கும் மேற்பட்டோருக்குக் கடிதம் அனுப்பியது. வட்டி விகிதத்தையும் கடிதத்தின் தோற்றத்தையும் ஆளுக்கு ஆள் மாற்றி அனுப்பினார்கள். அழகான பெண்ணின் படம் அச்சிட்ட கடிதம், வட்டியைக் கால் பங்கு குறைத்தால் எவ்வளவு பேரை ஈர்க்குமோ ஏறக்குறைய அவ்வளவு பேரை ஈர்த்தது. ஆண் வாடிக்கையாளர்களிடமே அது நன்றாகப் பலித்தது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. விலையைக் குறைத்தால் கம்பெனிக்கு நஷ்டம். பெண்ணின் படத்தைப் போட்டால் நஷ்டமே இல்லை. குடைகூடக் கொடுக்க வேண்டாம்.

எங்கள் மாவட்டத்துக்கு இது புதிய பாடமும் அல்ல. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு (1898–1976) நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை வரைந்தவர். அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்த லட்சுமியும் மீனாட்சியும் சரஸ்வதியும் சிவகாசியில் அச்சாகி, மாதக் காலண்டர்களாக நாடெங்கும் போயின. படத்துக்குக் கீழே மளிகைக் கடையின் பெயர், ஜவுளிக் கடையின் பெயர், நகைக் கடையின் பெயர். வாடிக்கையாளருக்கு இலவசம். ஆணி அடித்து மாட்டிய நாளிலிருந்து அது விளம்பரமாக இருப்பதை நிறுத்திவிட்டுச் சாமி படமாகிவிடும். ஆண்டு முடிந்த பிறகும் குப்பையில் போட மனம் வராமல் தேதித் தாளை மட்டும் கிழித்துவிட்டுப் படத்தைச் சட்டம் போட்ட வீடுகள் எத்தனையோ. தினமும் அதற்குப் பூ வைத்துக் கும்பிட்டவள் பெண். படத்தில் இருந்ததும் பெண். கடையின் கணக்குப் புத்தகத்தில் வாடிக்கையாளர் பெயர் வீட்டுக்காரருடையது.

அந்தக் காலண்டர் ஒருத்தியை நகை வாங்க வைத்ததா என்றால், நேராக வைத்திருக்காது. நகை என்று நினைத்த நாளில் எந்தக் கடை என்ற பெயரை நாக்கு நுனியில் வைத்தது. அதைவிட முக்கியமாக, செல்வம் என்றால் நகையணிந்து தாமரைமேல் நிற்கும் பெண் என்ற உருவத்தை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் நிறுத்தியது. விளம்பரம் இன்று விற்பது ஒரு பொட்டலம். அது நாளைக்கென்று நட்டு வைப்பது ஓர் உருவம். பொட்டலத்தைத் திருப்பித் தந்துவிடலாம், உருவத்தைத் திருப்பித் தருவது கடினம்.

*

இப்போது உப்பு. குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் அதிகம் உப்பு விளையும் இடம் தூத்துக்குடிக் கரை. நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு வெள்ளை வெளேரென்று அம்பாரங்கள் தெரியும். உப்பு விளம்பரத்தை ஆராய்வதற்கு மிகத் தோதான பொருள். முத்து வேண்டாமென்று இருக்கலாம், பயணத்தைத் தள்ளிப்போடலாம், உப்பை வாங்காமல் இருக்க முடியாது. அதே சமயம் யாரும் விளம்பரத்தைப் பார்த்துவிட்டுக் குழம்பில் இரண்டு மடங்கு உப்புப் போடப்போவதில்லை. ஆகவே உப்பு விளம்பரம் எதை மாற்ற முடியும்? எந்தப் பாக்கெட் என்பதை மட்டும்தான்.

1983இல் டாடா உப்பு பாக்கெட்டில் வந்தது. அதுவரை கடைக்காரர் மூட்டையிலிருந்து அளந்து கொடுத்த பொருளுக்கு ஒரு பெயரும் பையும் கிடைத்தன. பின்னர் வந்த பல நிறுவனங்களும் சேர்ந்து, தூள் உப்பே தூய்மை, கல்லுப்பு அழுக்கு என்ற எண்ணத்தை வளர்த்தன. ஆனாலும் தமிழ்நாட்டு அடுக்களையில் கல்லுப்பு ஜாடி போகவில்லை. குழம்புக்கும் ஊறுகாய்க்கும் கல்லுப்பு, மேலே தூவத் தூள் உப்பு என்று எத்தனையோ வீடுகளில் பெண்கள் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை கல்லுப்பு வாங்கினால் லட்சுமி வருவாள் என்ற நம்பிக்கையும் துணை நின்றது. கை அளவு பழகிய ஒருத்தியிடம் விளம்பரம் சமரசம்தான் செய்துகொள்ள முடிந்தது.

பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது சட்டம். முன்கழுத்துக் கழலையைத் தடுக்க, அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கு விற்பதற்கு 1998 மே மாதம் மத்திய அரசு தடை விதித்தது. 2000இல் தடை நீக்கப்பட்டது. 2006 மே மாதம் மறுபடி நடைமுறைக்கு வந்தது. அயோடின் தேவை என்பதில் மருத்துவ நியாயம் இருக்கிறது. கருவுற்ற பெண்ணுக்கும் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கும் அது இன்றியமையாதது. ஆனால் அந்தச் செய்தி ஒரு தாய்க்குரிய உடல்நலத் தகவலாக வந்ததைவிட, நல்ல தாய் எந்தப் பாக்கெட்டை எடுப்பாள் என்ற கேள்வியாகவே தொலைக்காட்சி வழி வந்தது. அச்சத்தை ஊட்டுவது எளிது. அயோடின் கலந்த கல்லுப்பும் உண்டு என்பதைச் சொல்ல அந்த முப்பது விநாடியில் இடம் இருக்கவில்லை.

வகுப்பில் ஒருமுறை மாணவிகளிடம் ஒரு வேலை கொடுத்தேன். ஒரு வாரம் உங்கள் வீட்டில் வாங்கிய பொருள்களை எழுதுங்கள், எதை வாங்குவது என்று முடிவு செய்தது யார், காசு கொடுத்தது யார் என்று இரண்டு பத்தியாகப் பிரியுங்கள் என்றேன். இதை ஆய்வு என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு இரண்டு பாடவேளை பேசினோம். சோப்பு, ஷாம்பு, உப்பு, மிளகாய்த்தூள் வரிசையில் முடிவு செய்தவர் இடத்தில் ‘அம்மா’ என்று எழுதியிருந்தவர்கள், இருசக்கர வாகனம், கைப்பேசி, வீட்டுக் கடன் என்று வந்தபோது ‘அப்பா’, ‘அண்ணன்’ என்று எழுதியிருந்தார்கள். உப்பளத்தில் வேலை செய்யும் பெண்ணின் மகள் ஒருத்தி உப்புக்கு நேரே கோடு போட்டிருந்தாள். “எங்க வீட்ல உப்பு வாங்குறதே இல்ல மிஸ். அம்மா அளத்துலருந்து கொண்டு வந்துருவாங்க” என்றாள். எல்லா விளம்பரங்களும் பேசும் அந்தத் ‘தாய்’க்கு வெளியே நின்ற ஒரு தாய். உப்பை விளைவிப்பவள், உப்பு வாங்காதவள்.

அவளைப் பற்றி எழுதியவர் ராஜம் கிருஷ்ணன். 1979இல் வெளிவந்த ‘கரிப்பு மணிகள்’ தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரின் வாழ்க்கையைச் சொல்லும் நாவல். களத்துக்கு நேரில் வந்து, பார்த்து, கேட்டு எழுதும் வழக்கமுடையவர் அவர். வெயில் ஏறுவதற்கு முன் வேலையைத் தொடங்க இருட்டிலேயே புறப்படும் பெண்கள், பாத்தியிலிருந்து வாரிய உப்பைத் தலைச்சுமையாக அம்பாரத்துக்குக் கொண்டு சேர்ப்பவர்கள், உப்புநீரில் ஊறிப் புண்ணாகும் பாதங்கள், வெண்மையின் கூச்சத்தில் மங்கும் கண்கள். இன்றும் அளத்தில் பெண்களுக்கு இவைதான் வேலையும் நோயும். ஆணைவிடப் பெண்ணுக்குக் கூலி குறைவு என்பதும் பழைய கதையாகிவிடவில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் மாதக்கணக்கில் வேலை கிடையாது.

*

விளம்பரம் நம்மை வாங்க வைக்கிறதா என்ற கேள்விக்கு இந்தக் கரை தரும் விடையை இப்போது சொல்லிப் பார்க்கிறேன். பணமும் அறிவும் மறுக்கும் உரிமையும் உள்ளவரிடம் அது ஒரு தகவல். ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பாக்கெட்டுகளுக்கு நடுவே கை தயங்கும்போது அது ஒரு தள்ளு. தேர்வே இல்லாதவரிடம், கங்காணியின் கடனில் கப்பலேறியவளிடம், அது ஒன்றுமே இல்லை. ஆகவே, “பெண்கள்தான் விளம்பரத்தைப் பார்த்து மயங்கிச் செலவு செய்கிறார்கள்” என்று யாராவது சொன்னால், வீட்டின் பெரிய செலவுகளில் கையெழுத்து யாருடையது என்று திருப்பிக் கேளுங்கள். இரண்டு ரூபாய்ப் பாக்கெட்டில் மட்டும் ஒருத்திக்குத் தேர்வு இருந்தால், அந்த இரண்டு ரூபாயில் அவள் காட்டும் ஆசையை மயக்கம் என்று பெயரிடுவது நியாயமா?

விளம்பரத்துக்கு எதிராக நான் வைக்கும் வழக்கு வேறு. அது யாரைக் காட்டுகிறது, யாரை மறைக்கிறது என்பதுதான் அந்த வழக்கு. மீனாட்சி அம்மாள் இருந்த இடத்தில் அது பாரத மாதாவை வைத்தது. உப்பளப் பெண் இருந்த இடத்தில் வெள்ளைச் சேலை உடுத்திப் புன்னகைக்கும் அம்மாவை வைத்தது. நாம் எதை வாங்குகிறோம் என்பதை மாற்றுவதில் பலமுறை தோற்கும் விளம்பரம், யாருடைய உழைப்பை நினைக்காமல் வாங்குகிறோம் என்பதில் அநேகமாகத் தோற்பதில்லை.

உப்புப் பாக்கெட்டின் பின்பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். சட்டம் கேட்பதெல்லாம் அங்கே இருக்கும். எடை, அதிகபட்ச விலை, பொதி செய்த நாள், அயோடின் அளவு, நிறுவனத்தின் முகவரி. இவற்றில் எதுவும் தானாக அங்கே வந்து உட்காரவில்லை. யாரோ கேட்டார்கள், போராடினார்கள், அதன் பிறகு சட்டமானது. அந்த உப்பை வாரிச் சுமந்தவளுக்கு நாள் கூலி என்ன என்ற வரி இன்னும் அங்கே இல்லை. கேட்கத் தொடங்கலாம்.